களிமண் படமும் காத்தல் தொழிலும்

உலகம் ஒருமுறை படைக்கப்பட்டபின் தானாகவே நிலைத்து நிற்கிறதா, அல்லது அது நிலைக்கும் ஒவ்வொரு கணத்திலும் அதைத் தாங்கும் செயலொன்று வேண்டியிருக்கிறதா என்பது சமய மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தைத் தலைநூலாகக் கொண்ட சைவ சித்தாந்தம், காரணத்தை முதல், துணை, நிமித்தம் என மூன்றாகப் பகுத்து, குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என விளக்கி, அதே வரிசையில் உலகுக்கு மாயையையும் சத்தியையும் இறைவனையும் வைக்கிறது. தெளிந்த உவமைதான், ஆயினும் குயவன் ஊரை விட்டே போனபின்பும் குடம் நீர் கொள்ளும் என்பதால், படைத்தலை விளக்கும் அளவுக்கு அது காத்தலை விளக்குவதில்லை.

ஸ்டாப் மோஷன் முறையில் உருவாகும் களிமண் படம் இவ்விடத்தில் பெரிதும் உதவுகிறது. உள்ளே கம்பிச் சட்டம் பொருத்திய மண்பாவையைச் சிறிதே அசைத்து, கையை விலக்கி, ஒரு படம் எடுத்து, மீண்டும் அசைத்து அடுத்ததை எடுப்பதே அம்முறை. திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுவதால், ஒவ்வொரு நிலையையும் இரண்டு படங்களுக்கு நீட்டினாலும், ஒரு நிமிடக் காட்சிக்கு 720 நிலைகள் தேவைப்படும். தாளில் வரையும் படத்தில் முந்தைய ஓவியம் எஞ்சியிருக்க, மண்ணில் மட்டும் முந்தைய நிலையைக் குலைத்தே அடுத்த நிலையை ஆக்க முடியும் என்பதால், ஒரே தொடுகையில் ஆக்கமும் அழிவும் சேர்ந்து நிகழ்கின்றன. சும்மா நிற்கும் பாத்திரத்துக்கும் இமைப்பு போன்ற நுண்ணசைவுகளைக் கலைஞர் ஊட்டியாக வேண்டும். ஊட்டாவிடில் அது வெறும் மண்ணாகிவிடும். நிலைத்திருப்பதும் செய்யப்படுவதே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கைத்தொழில் அரிது.

இறைவனின் ஐந்தொழில்களுள் நான்காவதாகிய மறைத்தல், அதாவது உயிர் உலகை நுகர்ந்து வினை கழித்துப் பக்குவம் அடையும்வரை இறைவன் தன்னைத் தோற்றாமல் நிற்றல், இங்கே எண்ணத்தக்கது. இங்கிலாந்தின் ஆர்ட்மன் நிறுவனத்துக்காக நிக் பார்க் இயக்கி 1993இல் வெளிவந்த 'தி ராங் டிரவுசர்ஸ்' படத்தில், குரோமிட் என்னும் நாய் ஒரு சொல்லும் பேசாமல், புருவ அசைவாலேயே ஐயத்தையும் வருத்தத்தையும் உணர்த்துகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் காரணமான கை எந்தப் படத்திலும் பதிவாவதில்லை. பதிந்திருந்தால் நாயின் உள்ளம் என்று பார்ப்பவர் உணர்வது அக்கணமே கலைந்துவிடும். மறைத்தலையும் அருளின் கூறாகவே சித்தாந்தம் கொள்வதன் ஆழம் இதனால் புலனாகிறது.

ஆனால் இவ்வுவமையை உயிர்வரை நீட்டுவது பெரும்பிழை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் தொடக்கமற்றவை என்பது சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கை. பசுவாகிய உயிர் எவராலும் ஆக்கப்பட்டதன்று, அறிவும் விருப்பமும் செயலும் அதற்கு உண்டு. மண்பாவைக்கோ இம்மூன்றும் இல்லை. உயிரையும் பாவையாகக் கொண்டால் வினைக்குப் பொறுப்பேற்பவர் எவரும் இல்லாமற் போவர். மாயையிலிருந்து தோன்றும் உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய நான்குக்கு மட்டுமே களிமண் படம் உவமையாகும்.