ஏழைகள் அறிந்த பிள்ளை



"முதலில் படிப்பு; சேவையெல்லாம் பரீட்சை முடிந்த பிறகு பார்க்கலாம்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் இது. பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆனால் சாதாரணதரம் முடிய உயர்தரம், உயர்தரம் முடியத் தொழில் என்று அந்தப் "பிறகு" தள்ளிக்கொண்டே போகிறது. பிறர் துயரைக் காணாமல் வளர்ந்த கண், வயது வந்ததும் தானாகத் திறந்துவிடுமா?

இத்தாலியின் தூரின் நகரில் 1901இல் பிறந்தவர் பியர் ஜியோர்ஜியோ பிரசாத்தி. தந்தை பெரிய தினசரிப் பத்திரிகையொன்றின் அதிபர். வீட்டில் எதற்கும் குறைவில்லை. 1918இல், பதினேழு வயதில், அவர் புனித வின்சென்ட் டி போல் சபையில் சேர்ந்தார். சுரங்கப் பொறியியல் படித்துக்கொண்டே ஏழைகளின் வீடுகளைத் தேடிச் சென்றார். கையிலிருந்த டிராம் வண்டிக் காசையும் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓடியே வந்த நாட்களும் உண்டு.

1925 யூலையில் போலியோ நோய் சில நாட்களுக்குள் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 24. கை விறைத்துப்போன வேளையிலும், வறிய நோயாளி ஒருவருக்குச் சேரவேண்டிய மருந்தைப் பற்றியே சிறு துண்டொன்றில் எழுதிவைத்தார். அடக்கச் சடங்கன்று தெருவெங்கும் ஏழைகள் திரண்டு நின்றதைக் கண்டு வீட்டார் திகைத்தனர். தங்கள் பிள்ளை யாரென்று பெற்றோருக்கு அன்றுதான் தெரிந்தது. ஏழைகளுக்கோ அது முன்பே தெரியும். 2025 செப்ரெம்பர் 7ஆந் திகதி பாப்பரசர் 14ஆம் லியோ அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

இளையோரே, நீங்கள் தூரம் போகவேண்டாம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, தனித்திருக்கும் முதியவர் உங்கள் பங்கிலும் இருப்பார். அவருக்குக் கிணற்றில் நாலு வாளி தண்ணீர் அள்ளிக் கொடுங்கள். கிளினிக்குக்குத் துணையாகப் போங்கள். டியூசனுக்கு வசதியில்லாத சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். சேமக்காலைச் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு போங்கள். கிழமையில் ஒரு மணித்தியாலம் போதும். அதைப் படம் பிடித்துப் பிறருக்குக் காட்டவும் வேண்டாம்.

பெற்றோரே, ஐயாயிரம் பேரின் பசி தீர்ந்தது ஒரு சிறுவனிடமிருந்த ஐந்து அப்பங்களாலும் இரண்டு மீன்களாலும் என்று அருளப்பர் எழுதுகிறார் (6:9). அவன் வளர்ந்து பெரியவனாகட்டும் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை.

ஆகவே, வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உங்கள் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு ஒரு வறிய வீட்டின் படலையைத் தட்டுங்கள். அடுத்த முறை பிள்ளை தனியே போகும். பரீட்சைப் பெறுபேற்றை நாம் எல்லோரும் ஆவலோடு பார்க்கிறோம். அத்துடன் இதையும் கேட்டுக்கொள்வோம்: நம் பிள்ளையின் பெயர் எந்த ஏழையின் வீட்டில் தெரியும்?