நிறுத்தச் சொல்ல ஒரு சொல்

‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ (1999) படத்தில் பேய் ஒருமுறைகூடத் திரையில் வராது. காட்டுக்குள் வழிதவறிய மூன்று மாணவர்கள், நடுங்கும் கேமரா, இருட்டு. அவ்வளவுதான். என்னைத் தொந்தரவு செய்வது அது எடுக்கப்பட்ட விதம்.

1997 அக்டோபரில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் காட்டில் எட்டு நாள் படப்பிடிப்பு. ஹெதர் டோனஹ்யூ, ஜோஷுவா லியனர்ட், மைக்கேல் வில்லியம்ஸ் மூவரும் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். படம் பிடித்ததும் அவர்களே. எழுதிய வசனம் கிடையாது. ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் அன்றைய குறிப்பு ஒரு டப்பாவில் இருக்கும். நாளாக ஆகச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். ராத்திரியில் இயக்குநர்கள் டேனியல் மைரிக்கும் எட்வர்டோ சான்செஸும் ஆட்களோடு வந்து கூடாரத்தை உலுக்கினார்கள். நாம் பார்க்கும் பசியிலும் எரிச்சலிலும் நிஜம் கலந்திருக்கிறது.

இது கொடுமையா? இல்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் சம்மதித்துப் போனவர்கள். அதைவிட முக்கியம், நடிப்பிலிருந்து வெளியே வர அவர்களிடம் ஒரு சொல் இருந்தது: ‘டாக்கோ’. அதைச் சொன்னால் பயம் அங்கேயே நின்றுவிடும்.

சிக்கல் காட்டுக்கு வெளியேதான். மூவரும் உண்மையிலேயே தொலைந்துபோனதாக இணையதளம் சொன்னது. ‘காணவில்லை’ நோட்டீஸ்கள் ஒட்டப்பட்டன. உயிரோடிருந்த ஹெதரின் அம்மாவுக்கு அனுதாப அட்டைகள் வந்தன. சில பத்தாயிரம் டாலரில் எடுத்த படம் ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலித்தது. நடிகர்களுக்கு வந்தது அதில் துளி. ஹெதர் பிற்பாடு தன் பெயரையே மாற்றிக்கொண்டார்.

“கையெழுத்துப் போட்டாங்கல்ல?” என்று கேட்கலாம். போட்டார்கள்தான். நான் மென்பொருள் எழுதுகிறவன். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான் வைப்பது எங்களுக்கு அரைமணி நேர வேலை. அதைத் திரும்பப் பெறும் வழியை எங்கே வைப்பது என்று யாரும் அவ்வளவு கவலைப்படுவதில்லை. எந்த நடிகரும் வெளியான படத்தைத் திரும்ப வாங்க முடியாது, சரி. ஆனால் மற்றவர்கள் பாத்திரத்தின் பெயரைப் படத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இவர்கள் விட்டுவர வேண்டியிருந்தது சொந்தப் பெயரை.

சம்மதம் ஒரு நாளில் கொடுத்து முடிகிற பொருள் இல்லை. ‘போதும்’ என்றால் நிற்கும் என்கிற நம்பிக்கை இருக்கும்வரைதான் அது சம்மதம். 2024இல் மூவரும் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்: எங்களுக்குரிய பணத்தைக் கொடுங்கள், எங்கள் பெயரையும் முகத்தையும் பயன்படுத்தும்முன் எங்களைக் கேளுங்கள் என்று. காட்டில் ஒரே சொல்லில் முடிந்த காரியத்துக்கு, வெளியே 25 வருஷம் கழித்தும் மனுப் போட வேண்டியிருந்தது.