விளக்கு இடம் மாறிய பிறகு

சென்னைக் கலங்கரை விளக்கம் என்றால் மெரினாவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள், உச்சியில் விளக்கில்லாமல் நிற்கிற கல்தூண் அது. வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றுதான் மறுநாள் வழக்குக் கட்டுகளைச் சரிபார்ப்பேன். இப்போது மகள் வீட்டோடு புனேவில் இருக்கிறேன். இங்கே கடல் கிடையாது. சஹ்யாத்ரியைக் கடந்து இறங்கினால்தான் கொங்கணக் கரை. ஆனாலும் அந்தத் தூண் முன்னைவிட இப்போதுதான் அதிகம் நினைவுக்கு வருகிறது. செய்துவந்த வேலை இன்னொருவர் கைக்குப் போன பிறகு ஒரு மனிதர் எதற்காக இருக்கிறார் என்ற கேள்வி என்னை விடாமல் பிடித்திருப்பதுதான் காரணம்.

அந்தத் தூணில் ஒரு காலத்தில் எரிந்த விளக்கு சென்னையில் மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. 1796-இல் முதலில் எரிந்தது புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில். கீழே வணிகர்கள் கூடி வியாபாரம் பேசும் இடம், மேலே தேங்காய் எண்ணெயில் எரிந்த விளக்கு. அன்றைய சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகின் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்க மாட்டார்கள், கயிற்றால் தைப்பார்கள். அலை அறைந்தால் பிளந்துபோகாமல் நெளிந்து கொடுக்கும். அப்படிப்பட்ட கரையை இருட்டில் நெருங்கிய மாலுமிக்கு அந்த எண்ணெய் விளக்கு எத்தனை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

1844-இல் கோட்டைக்கு வடக்கே, கிரேக்கப் பாணியில் இந்தத் தூண் எழுந்தது. உயரம் ஏறக்குறைய 125 அடி. கோட்டைக் கட்டடத்திலிருந்து விளக்கு இங்கே வந்து ஐம்பது ஆண்டு எரிந்தது. 1892-இல் பக்கத்திலேயே உயர் நீதிமன்றக் கட்டடத்தைத் திறந்தார்கள். அதன் பெரிய குவிமாடம் தூணைவிட உயரம். 1894-இல் விளக்கு அங்கே ஏறிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசித் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது நகரத்தின் கலங்கரை விளக்கம் அந்தக் குவிமாடத்தில்தான் இருந்தது. 1977-இல் அது மெரினாவுக்குப் போனது.

ஒவ்வொரு முறையும் விளக்கைக் கொடுத்த கட்டடம் இடிபடாமல் நின்றிருக்கிறது. கப்பலில் வருகிறவருக்கோ வெளிச்சம் தெரிந்தால் போதும், எந்தக் கோபுரத்திலிருந்து வருகிறது என்பதைப் பற்றிக் கவலையில்லை. இதை ஏற்றுக்கொள்வதுதான் மனிதருக்குக் கடினம். முதுமையிலும் ஒரு கட்டைக்கூட ஜூனியரிடம் விட மனமில்லாத பெரியவர்களைக் கோர்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பயம் எனக்குப் புரியும். கையை விட்டுப் போனால் தாமும் போய்விடுவோம் என்ற பயம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த குமாஸ்தா அப்படியில்லை. வாய்தா டயரியை ஒருநாள் என் கையில் கொடுத்துவிட்டார். அதன் பிறகும் வளாகத்துக்கு வருவார், எல்லோருடனும் டீ குடிப்பார், வழக்குப் பற்றிக் கேட்டால் மட்டும் சொல்வார். வேலையில் இருந்த காலத்தைவிட அப்போதுதான் அவர்மீது எனக்கு மரியாதை கூடியது.

புனேவுக்கு வந்த பிறகு ஜெஜூரி கண்டோபா கோயிலுக்குப் போனேன். மலைப்படி ஏறும் வழியெங்கும் கல்லால் ஆன தீபமாள்கள் நிற்கின்றன. மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் தூண். சுற்றிலும் கல்லிலேயே நீட்டிய கைகள். அவற்றின் மேல் அகல் வைப்பார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் கட்டிக் கொடுத்தவை பல. த்ரிபுரி பௌர்ணமிக்குத் தீபமாள் ஏற்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். நம் கார்த்திகை தீபம் சில ஆண்டு அதே நாளையொட்டி வரும், சில ஆண்டு ஒரு மாதம் தள்ளிப்போகும். அவர்களுக்குச் சந்திர மாதம், நமக்குச் சூரிய மாதம். பெரும்பாலான நாள்களில் தீபமாளில் விளக்கே இருக்காது. அதனால் அது வீணாக நிற்கிறது என்று இங்கே ஒருவரும் நினைப்பதில்லை. மஞ்சள் பொடி அப்பிய அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு மேலே ஏறுகிறார்கள்.

நாள் தவறாமல் எரிந்தால்தான் மதிப்பு என்று வாழ்ந்து பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய பாடம். எங்கள் சொசைட்டியில் யாருக்காவது வாடகை ஒப்பந்தத்திலோ வீட்டுப் பத்திரத்திலோ சந்தேகம் வந்தால், "காகா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று வருகிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். மராத்திப் பத்திரமென்றால் அவர்கள் படித்துக் காட்ட, நான் கேட்டுச் சொல்கிறேன். பிறகு பல நாள் யாரும் வருவதில்லை. அந்த நாள்களும் எனக்கு இப்போது பாரமாக இல்லை.

பாரிமுனைப் பக்கம் வழக்கு வேலையாகப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாய்தா வாங்கியதும் வெளியே ஓடிவிடாமல் அந்தத் தூணைப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்தால் நீதிமன்றக் குவிமாடமும் தெரியும். நேரமிருந்தால் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். சென்னையின் விளக்கு முன்பு எரிந்த மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கின்றன.