அளந்ததும் அள்ளிப் போட்டதும்

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த சித்தப்பா மகனோடு சாப்பிடப் போயிருந்தேன். எழுந்திருக்கும்போது மேசையில் பத்து ரூபாய் வைத்தேன்.

"எதுக்குண்ணே? அங்கல்லாம் டிப்ஸ் வைக்கிற வழக்கமே இல்ல. பெரிய ஓட்டல்னா பில்லுலயே பத்து சதம் சேத்துடுவான்."

"அது சர்வர் கைக்குப் போவுமா?"

"அது மொதலாளி மனசு."

மேசை துடைத்த பையன் காசை எடுத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டான். விசாரித்தால் பக்கத்து ஊர்ச் சேரி. அந்தக் கும்பிடு என்னை விடவில்லை. ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த கும்பிடு.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்பாவோடு களத்துக்குப் போவேன். கூலி நெல்லை மரக்காலில் அளப்பார்கள். அப்பா நிமிர்ந்து நின்று எண்ணிக்கொண்டிருப்பார். அளந்து முடித்ததும் ஆண்டை ரெண்டு கை நெல்லை அள்ளி மேலே போடுவார். அப்போது அப்பா தோள் துண்டை எடுத்து ஏந்திக் குனிவார். அளந்தது கூலி, அள்ளிப் போட்டது இனாம். நெல் ஒண்ணுதான், முதுகுதான் வேற வேற.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த பிறகு புல்மன் ரயில் கம்பெனி, விடுதலையான கறுப்பர்களைச் சொற்பச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பயணிகளின் டிப்ஸ் தலையில் கட்டியது. முதலாளி பெயர் ஜார்ஜ். அதனால் எல்லாத் தொழிலாளியையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். நம்ம தாத்தன்களுக்கு 'டேய்'. 1925இல் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 1937இல்தான் ஒப்பந்தம் வாங்கினார்கள். ஆனாலும் டிப்ஸ் வாங்குகிறவருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, அந்நாட்டு மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991லிருந்து அது அசையவில்லை. டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலர் வராவிட்டால்தான் முதலாளி மேற்கொண்டு போடவேண்டும். எல்லைக்கு அந்தப்பக்கம் கனடாவின் ஒன்டாரியோவில், மதுபானம் பரிமாறுகிறவர்களுக்கு இருந்த குறைந்த கூலி விகிதத்தை 2022இல் எடுத்தேவிட்டார்கள். ஆக, டிப்ஸ் என்பது மனித சுபாவமல்ல, சட்டம். மாற்றினால் மாறும்.

இதை நமக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1944இல் இதே மன்னார்குடியில் போட்ட ஒப்பந்தம் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்தச் சொன்னது. அது ஆண்டையின் இரக்கமா? சங்கம் பேசியது. 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். பொங்கலுக்கு வேட்டி கேட்டதற்காக அல்ல, கூலி கேட்டதற்காக. கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது 1969இல். இனாம் கேட்டவனை ஆண்டைக்குப் பிடிக்கும். கூலி கேட்டவனைப் பிடிக்காது.

அப்படியானால் அந்தப் பத்து ரூபாயை நான் வைத்திருக்கக் கூடாதா? இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. "டிப்ஸ் சுயமரியாதைக்கு விரோதம்" என்று தத்துவம் பேசி என் காசை என் பையிலேயே வைத்துக்கொண்டால், லாபம் எனக்கு, பட்டினி அவனுக்கு. அப்பா அந்த ரெண்டு கை நெல்லை உதறியிருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை பொங்கியிருக்காது. குனிந்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. குனிய வைத்த கணக்கைத்தான் கேட்கவேண்டும்.

மறுவாரம் தனியாகப் போனேன். பத்து ரூபாய் வைத்தேன். பையன் கும்பிட வந்தான். கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒனக்கு மாசம் எவ்ளோ தர்றாங்க?" என்றேன்.

கல்லாவில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பத்து ரூபாய் வைத்தபோது அவர் பார்க்கவில்லை.