உத்தராயணம் யாருக்காக?

பெங்களூரு மாநகரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியில், அல்சூர் ஏரிக்கு வடக்கே அமைந்திருக்கிறது பிரேசர் டவுன். ஆவணங்களில் அதன் பெயர் இப்போது புலிகேசி நகர். மக்களின் நாவில் இன்னும் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. 1809-இல் ஆங்கிலேயப் படை இந்த மேட்டு நிலத்தில் முகாம் அமைத்த காலம் தொட்டு, சென்னை மாகாணத்திலிருந்து வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியிலும் சுற்றுப்புறங்களிலும் தலைமுறைகளாக வாழ்கின்றன. மார்கழி பிறந்ததும், பல்லைக் கிட்ட வைக்கும் குளிரில் வாசல் தெளித்துக் கோலமிடும் வழக்கத்தை அவர்கள் தங்களோடு கொண்டுவந்தார்கள். தை முதல் நாளில் அவர்கள் வீட்டில் பொங்கல் பொங்கும். அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்திலிருந்து எள்ளும் வெல்லமும் கலந்த 'எள்ளு பெல்ல' வந்து சேரும்.

இத்தகைய வீடு ஒன்றில், மார்கழி இருபதாம் தேதி, குடும்பத்தின் பெரியவர் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். துக்கம் கேட்க வருபவர்களில் யாராவது ஒருவர், தீய எண்ணம் ஏதுமின்றி, "இன்னும் பத்து நாள் இருந்திருந்தால் தை பிறந்திருக்கும். உத்தராயணத்தில் போயிருக்கலாமே!" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சொன்னவர் மறந்துவிடுகிறார். அதைக் கேட்ட மனைவியோ, மகளோ மறப்பதில்லை. ஒளி நிறைந்த வழி அடைபட்டிருந்த வேளையில் அவர் புறப்பட்டுவிட்டாரா, இருளில் நின்று தவிக்கிறாரா என்ற கேள்வி அந்த மனத்தில் முள்ளாகத் தைத்து விடுகிறது. பின்னர் வரும் ஒவ்வொரு மகர சங்கராந்தியும் அந்த முள்ளை அசைத்துப் பார்க்கிறது.

பண்டிகை என்பது மனிதனைக் கடவுளிடம் சேர்க்க வந்தது. அதுவே ஒரு விதவையின் நெஞ்சில் அச்சமாகக் குடியேறுமானால், சாஸ்திரம் உண்மையில் என்ன கூறுகிறது என்று பார்த்தே ஆகவேண்டும்.

ஆகஸ்டில் வந்த மரணம்

பிரேசர் டவுன் தோன்றிய வரலாறே இக்கேள்வியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. 1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் நோய் நுழைந்தது. நெரிசலான தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஊரை விட்டு ஓடியவர்களும் அநேகர். காற்றும் வெளிச்சமும் புகாத குடியிருப்புகளே நோய்க்கு உறைவிடம் என்று உணர்ந்த அரசு, நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது. அவ்வாறு 1906-இல் அடிக்கல் நாட்டப்பட்டுப் பிறந்த ஊர் இது. அப்போது மைசூரில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்தவரும், மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராக இருந்தவருமான ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

ஆகஸ்ட் என்பது ஆடியும் ஆவணியும் சேரும் காலம், தட்சிணாயனம். கொள்ளைநோய் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. குழந்தைகள், தாய்மார்கள், கூலியாட்கள் என்று அம்மாதங்களில் மாண்ட அத்தனை பேரும், மாதம் சரியில்லை என்ற ஒரே காரணத்தால் நற்கதி இழந்தார்கள் என்று கூறத் துணியும் ஒருவர், இறைவனைக் கருணைக்கடல் என்று அழைப்பதை நிறுத்திக்கொள்வதே நேர்மை. 2020, 2021 ஆண்டுகளின் பெருந்தொற்றிலும் இதே நகரம், தந்தையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் மயானத்துக்கு வெளியே நின்ற பிள்ளைகளைக் கண்டது. அவர்களுக்கும் ஒரு பதில் தேவைப்படுகிறது.

இரு வழிகள்

சாந்தோக்கிய உபநிஷதம் இரண்டு வழிகளைக் கூறுகிறது. ஒன்று ஒளி, பகல், வளர்பிறை, சூரியன் வடக்கே செல்லும் ஆறு மாதங்கள் என்று விரிந்து பிரம்மலோகத்தில் முடியும் தேவயானம். மற்றொன்று புகை, இரவு, தேய்பிறை, தெற்கே செல்லும் ஆறு மாதங்கள் என்று சென்று, சந்திரலோகத்தை எட்டி, மீண்டும் பிறவிக்குத் திரும்பும் பித்ருயானம். கீதையின் எட்டாம் அத்தியாயத்திலும் இவ்விரண்டும் வருகின்றன. மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது ஒரு கால அட்டவணை போலத் தோன்றும்.

ஆனால் உபநிஷதம் எதை வைத்து மனிதர்களைப் பிரிக்கிறது என்று கவனிக்க வேண்டும். உபாசனையும் சிரத்தையும் தவமும் உடையவர்கள் முதல் வழியில் செல்கிறார்கள். பலனை நாடி வேள்வியும் தானமும் பொதுநற்பணியும் செய்தவர்கள் இரண்டாவது வழியில் செல்கிறார்கள். பிரிவு வாழ்ந்த வாழ்வில் இருக்கிறது. இறந்த தேதியில் இல்லை. அதே உபநிஷதத்தில் உபகோசலன் என்ற சீடனுக்கு சத்தியகாமர் உபதேசிக்கும் இடம் இன்னும் வியப்பானது. பிரம்மத்தை உபாசித்தவனுக்கு மற்றவர்கள் ஈமக்கிரியை செய்தாலும் செய்யாவிட்டாலும் அவன் ஒளியையே அடைகிறான் என்கிறார் அவர். இறுதிச் சடங்கே தடையாக முடியாது எனும்போது மாதம் எவ்வாறு தடையாகும்?

ஒளி, பகல், அயனம் என்ற சொற்கள் உண்மையில் காலத்தைக் குறிப்பன அல்ல. ஜீவனைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் தேவதைகளைக் குறிப்பன என்று பிரம்ம சூத்திரம் தெளிவாக்குகிறது. அப்படியானால் கீதை ஏன் 'காலம்' என்ற சொல்லை ஆள்கிறது? ஸ்ரீசங்கரர் தரும் உவமை எளியது: ஒரு தோப்பில் வேறு மரங்கள் சில இருந்தாலும், மாமரங்கள் மிகுந்திருப்பதால் அதை மாந்தோப்பு என்றே அழைக்கிறோம் அல்லவா? வழித்துணைவர்களில் காலத்திற்குரிய தேவதைகள் மிகுதி, ஆகவே அப்பெயர்.

இனி நேரடியான கேள்வி. தட்சிணாயனத்தில் இறந்தால் என்ன? பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம், இரண்டாம் பாதத்தில் இதற்கென்றே ஒரு சூத்திரம் இருக்கிறது. அக்காலத்திலும் இதே அச்சம் மக்களிடம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வியாசர் ஒரு சூத்திரத்தை இதற்காகச் செலவிட்டிருக்க மாட்டார். தட்சிணாயனத்தில் உடலை விட்டாலும் அறிவின் பலன் கிடைத்தே தீரும் என்பது தீர்ப்பு. சங்கரர் காட்டும் காரணங்கள் மூன்று: மரணத்தைக் காத்திருக்கச் சொல்ல முடியாது; மரண வேளை எவருக்கும் நிச்சயமில்லை; வித்தையின் பலன் 'கிடைத்தாலும் கிடைக்கலாம்' என்ற வகையைச் சேர்ந்ததன்று. ஸ்ரீராமானுஜரும் இதில் வேறுபடவில்லை. தட்சிணாயனத்தில் புறப்பட்ட பக்தன் சந்திரனை அடைந்தாலும் அது இடைவழியில் இளைப்பாறுவது மட்டுமே. அவன் அடைவது பரம்பொருளையே என்கிறார்.

இங்கே பீஷ்மரை நினைக்காதவர் இருக்க மாட்டார். அம்புப் படுக்கையில் ஐம்பத்தெட்டு இரவுகள் கிடந்து, சூரியன் வடக்கே திரும்பும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தவர் அவர். அவரே காத்திருந்தார் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? இதற்கும் அந்தச் சூத்திரத்தின் பாஷ்யத்திலேயே விடை உண்டு. உலக ஆசாரத்தைப் போற்றிக் காக்கவும், தந்தையின் அருளால் பெற்ற 'விரும்பும்போது மரணம்' என்ற வரத்தை வெளிப்படுத்தவுமே அவர் காத்திருந்தார். வேறு கதியில்லாமல் அல்ல. அந்த நாட்களை அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். தர்மபுத்திரருக்கு சாந்தி பர்வமும் அனுசாசன பர்வமும் நிறையும் அளவுக்கு அறம் உரைத்தார். விஷ்ணு ஸஹஸ்ரநாமம் உலகுக்குக் கிடைத்தது அப்படுக்கையிலிருந்துதான்.

மகான்களின் வாழ்வும் இதையே காட்டுகிறது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் காசிப்பூரில் மகாசமாதி அடைந்தது 1886 ஆகஸ்ட் 16, தட்சிணாயனம். அன்னை ஸ்ரீசாரதாதேவியார் உடலை விட்டது 1920 ஜூலை 21-இன் பின்னிரவு. ஆடி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. உடலை நீக்கி வேறெங்கும் 'செல்ல' வேண்டிய தேவையே ஞானிக்கு இல்லை, அவனுடைய பிராணன் வெளியே புறப்படுவதும் இல்லை என்கிறது பிருஹதாரண்யகம். பயணமே இல்லாதவருக்கு நல்ல நேரம் எதற்கு?

குகைக்குள் வரும் ஒளி

வானியல் வேறொரு விதத்தில் ஆறுதல் கூற முன்வரலாம். சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது இப்போது டிசம்பர் 21 அல்லது 22-இல். மகர சங்கராந்தியோ ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது. அயன நகர்வால் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளில் உண்டான இடைவெளி இது. சுவாமி விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12, அவ்வாண்டின் மகர சங்கராந்தி நாள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆகவே மார்கழி இருபதில் இறந்தவர் உண்மையில் உத்தராயணத்தில்தான் இறந்தார் என்று வாதாட இடமுண்டு. ஆனால் இது வழக்கறிஞருக்குப் பொருந்தும் வாதம். மார்கழி மூன்றாம் தேதி தந்தையை இழந்த மகளுக்கு இதனால் என்ன பயன்?

அதைவிட, இதே நகரின் தென்பகுதியில், கவிபுரத்தில் உள்ள கவி கங்காதரேசுவரர் குகைக் கோயில் காட்டும் காட்சி ஆழமானது. மகர சங்கராந்தி மாலையில், சாயும் சூரியனின் கதிர் நந்தியின் கொம்புகளுக்கு இடையே நுழைந்து, குகையினுள் இருக்கும் சிவலிங்கத்தின்மீது படிகிறது. அதைத் தரிசிக்கப் பெருங்கூட்டம் கூடும். 2021-இல் மேகம் மறைத்து ஒளி தெரியாமல் போனபோது, என்ன நேருமோ என்று கலங்கியவர்களும் உண்டு.

பலரும் கவனிக்காத செய்தி ஒன்று இருக்கிறது. தெற்கே போகும் சூரியன் எந்த வழியே போகிறதோ அதே வழியேதான் வடக்கே திரும்புகிறது. எனவே ஜனவரி நடுவில் அது நிற்கும் அதே நிலையில் நவம்பர் இறுதியிலும் நிற்கிறது. அந்நாட்களிலும், கார்த்திகை மாத மாலைகளில், ஒளி அக்குகையினுள் புகுகிறது. தட்சிணாயனத்தில்! அப்போது கூட்டம் இல்லை. தொலைக்காட்சிக் கேமராக்கள் இல்லை. சிவன் அதே சிவன், கதிர் அதே கதிர்.

ஸ்ரீரங்கத்திலும் இதற்கு இணையான ஒன்று நடக்கிறது. வைகுண்ட ஏகாதசியன்று அதிகாலையில் பரமபத வாசல் திறக்கப்படுகிறது. நம்பெருமாள் இரத்தினாங்கி அணிந்து அதன் வழியே எழுந்தருள்கிறார். இராப்பத்தின் நிறைவில் நம்மாழ்வார் மோட்சம். ஆழ்வாரின் திருவுருவைப் பெருமாளின் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடி, பின்னர் உலகத்தின் பொருட்டு அவரைத் திரும்பத் தந்தருளுமாறு வேண்டிப் பெறுகிறார்கள். வைகுண்டத்தின் வாசலைத் திறப்பதற்கு நம் முன்னோர்கள் தேர்ந்தெடுத்த மாதம் மார்கழி. தைப் புனர்பூசத் திருநாளோடு நெருங்கும் ஆண்டுகளில் அவ்விழா கார்த்திகைக்கு முன்னதாகவே போய்விடும். 2021-இல் டிசம்பர் 14 அன்று அவ்வாறு நடந்தது. கார்த்திகையானாலும் மார்கழியானாலும் தட்சிணாயனமே. தட்சிணாயனத்தில் வழி அடைபட்டிருக்கும் என்று ஆசாரியர்கள் கருதியிருந்தால், திருவாசலை அந்நாளிலா திறப்பார்கள்?

அப்படியானால் சங்கராந்தியைக் கொண்டாடுவது எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். மனிதரின் ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள். உத்தராயணம் அவர்களின் பகல், தட்சிணாயனம் இரவு. அக்கணக்கில் ஒரு மாதம் இரண்டு மணி நேரம் ஆகிறது. ஆடியில் தொடங்கும் இரவின் கடைசி இரண்டு மணி நேரம், அதாவது விடியலுக்கு முந்தைய பிரம்ம முகூர்த்தம், மார்கழி. அதனால்தான் அம்மாதம் முழுவதும் விழித்தெழுவதே வழிபாடாக இருக்கிறது. பெங்களூரின் மார்கழி விடியலில் போர்வையை உதறிவிட்டு எழுவது சிறு செயலன்று; உடல் ஆயிரம் காரணம் சொல்லும். தமோகுணம் எத்தகையது என்பதை நூல்கள் படித்து அறிவதைவிட, அதிகாலை நான்கரை மணிக்குப் போர்வைக்குள் கிடந்து அறிவது எளிது. அன்று ஒருவர் எழுந்து குளித்து இறைநாமம் சொல்லும்போது, அவருள் சூரியன் வடக்கே திரும்புகிறது. திருவாதிரையும் ஏகாதசி உபவாசமும் போகியும் பொங்கலும் அந்தத் திருப்பத்தின் படிகள். அவை யாவும் உயிரோடு இருப்பவருக்கு உரியவை. இறந்தவருக்கு மதிப்பெண் போடுவதற்காக அவற்றை யாரும் ஏற்படுத்தவில்லை. இரு வழிகளையும் விரித்துரைத்த கண்ணன், அர்ஜுனனிடம் இறுதியில் கேட்பதும் எல்லாக் காலங்களிலும் யோகத்தில் நிலைத்திருக்கும்படியே. நல்ல காலம் பார்த்து இறக்கும்படி அல்ல.

துக்கம் நிகழ்ந்த வீட்டில் அவ்வாண்டு பண்டிகை இல்லை. பொங்கல் பானை ஏறாது. எள்ளு பெல்ல கலப்பதும் இல்லை. ஆனால் தை பிறந்து சில நாட்களிலோ சில வாரங்களிலோ அமாவாசை வரும். உத்தராயணத்தின் முதல் அமாவாசையை நம் மரபு முன்னோர்களுக்கு உரியதாக்கியிருக்கிறது. பக்கத்து வீட்டில் வெல்லத்தோடு வெள்ளையாகக் கலந்த எள், இங்கே கறுப்பாக நீரோடு சேர்ந்து உள்ளங்கையிலிருந்து இறங்குகிறது. அப்போது கோத்திரம் கேட்கப்படுகிறது, பெயர் கேட்கப்படுகிறது, மூன்று தலைமுறை அழைக்கப்படுகிறது. எந்த மாதத்தில் இறந்தார் என்று கேட்கும் மந்திரம் அதில் இல்லை. எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு கை நீர் விடப்படும். அது தாயோ தந்தையோ உறவினரோ நண்பரோ எவரும் இல்லாதவர்களுக்கு. 1898-இல் பெயர் தெரியாமல் போனவர்களுக்கும் அதில் பங்குண்டு.