கொத்துச் சாவி

நல்லவன் கையில் வேண்டிய அளவுக்கு மேல் கொஞ்சம் அதிகாரம் இருந்துவிட்டால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

இந்தக் கேள்வியை நம்மில் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதே இல்லை. ஆள் நல்லவனா, கெட்டவனா என்று மட்டும்தான் பார்க்கிறோம். நல்லவன் என்று மனசுக்குப் பட்டுவிட்டால் கொத்துச் சாவியை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். உக்கிராண அறையைத் திறக்கப் போகிறவனுக்கு நகைப் பெட்டியின் சாவி எதற்கு என்று தோன்றுவதில்லை. தோன்றினாலும், கொத்திலிருந்து ஒற்றைச் சாவியைக் கழற்றிக் கொடுத்தால் அவன் மனசு என்ன பாடுபடுமோ என்று கூச்சப்படுகிறோம். நம்பாதது போல் ஆகிவிடுமே!

கதை எழுதுகிற நாங்களும் இந்த விஷயத்தில் பெரிய உபகாரம் எதுவும் செய்துவிடவில்லை. சாவியைத் திருடுகிற கணக்குப்பிள்ளையைப் பற்றி எழுதுவோம்; சாவியை உயிரைப் போல் காத்து நிற்கிற கிழ வேலைக்காரனைப் பற்றி எழுதி வாசகர்களின் கண்ணைக் கசியச் செய்வோம். அந்தச் சாவி அவனுக்கு அவசியம்தானா என்று கேட்டு ஒரு கதை வந்ததாக எனக்கு நினைவில்லை.

தர்ம சாஸ்திரக்காரர்களும் கதாசிரியர்களும் விட்டுவிட்ட இந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டர்க்காரர்கள் கையிலெடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு என் தங்கை மகன் மூலமாகத் தெரிய வந்தது. அவன் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். அவனுடைய கோபத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு விஷயங்களை முதலில் சொல்லியாக வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள், தலைவலி வராமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதல் விஷயம், ரூட். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது யூனிக்ஸ் என்கிற இயக்க முறை. அதைப் பின்பற்றி 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் எழுத ஆரம்பித்தது லினக்ஸ். இவற்றில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பூஜ்யம் என்ற எண் யாருக்கோ அவர்தான் ரூட். மற்றவர்கள் ஒரு ஃபைலைத் திறக்கப் போனால், 'உனக்கு அனுமதி உண்டா?' என்று யந்திரம் விசாரிக்கும். பூஜ்யத்தைக் கண்டால் விசாரணை கிடையாது. யாருடைய கடிதத்தையும் படிக்கலாம், யாருடைய வேலையையும் பாதியில் நிறுத்தலாம், கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம், மனம் வைத்தால் அத்தனையையும் அழித்துவிட்டு எழுந்து போகலாம். பூஜ்யத்துக்கு இவ்வளவு மரியாதை நம்மவர்கள்கூடச் செய்ததில்லை.

இரண்டாவது, கன்டெய்னர். ஒரு ப்ரோகிராம் ஒரு கம்ப்யூட்டரில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. அதற்கு வேண்டிய துணைச் சரக்குகள் அங்கே இருக்காது. இருந்தாலும் வேறு பதிப்பாக இருக்கும். ஆகவே ரயில் பிரயாணத்துக்குக் கட்டுச்சாதம் கட்டுகிற மாதிரி, ப்ரோகிராமையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒன்றாகப் பொட்டலம் கட்டிவிடுகிறார்கள். எங்கே பிரித்தாலும் அது தன் சொந்த வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடும். ஆனால் வீடு உண்மையில் தனி வீடு கிடையாது, ஒண்டுக்குடித்தனம்தான். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அடுப்பு, தனிக் கதவு. கூரையும் கிணறும் எல்லோருக்கும் ஒன்றே. அந்தக் கூரைக்குக் கெர்னல் என்று பெயர்.

2013-ல் வந்த டாக்கர் இந்தப் பொட்டலம் கட்டும் வித்தையை உலகம் முழுவதும் பரப்பியது. அதில் ஒரு சங்கடம் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஓட்டிக் கொடுக்கிற ஏவலாள் ஒருவன் எப்போதும் பின்னால் விழித்திருப்பான், அவன் ரூட். சாதாரண மனிதன் அவனிடம், 'இந்தப் பொட்டலத்தைப் பிரி. இந்தக் கம்ப்யூட்டரின் முழு டிஸ்க்கையும் அதற்குள் கொண்டு வந்து வை' என்று ஒரு வரி எழுதினால் போதும், செய்துவிடுவான். பொட்டலத்துக்குள்ளே பூஜ்யமாக இருக்கிறவன் வெளியேயும் பூஜ்யம்தான். ஏவலாளைக் கூப்பிட அனுமதி பெற்றவன் ரூட்டுக்குச் சமானம் என்று டாக்கரின் கையேடே எச்சரிக்கிறது.

நூறு பேர் பங்கிட்டுக்கொள்ளும் கல்லூரிக் கம்ப்யூட்டரில் இந்த அனுமதியைக் கேட்டான் என் மருமான். நிர்வாகி மறுத்துவிட்டார்.

"நான் என்ன திருடனா மாமா?" என்றான் என்னிடம். "என் வேலையை ஓட்டத்தானே கேட்டேன்? நம்பிக்கை இல்லேன்னா முகத்துக்கு நேரே சொல்லிடலாமே!"

முகம் சிவந்திருந்தது. எனக்கு அவனை நன்றாகத் தெரியும். பிறத்தியார் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிற பிள்ளை அவன் இல்லை. அந்த நிர்வாகியும் அவனை அப்படி நினைத்திருக்க மாட்டார்.

அப்படியானால் ஏன் மறுத்தார்? அவனை அவர் நம்பியிருக்கலாம். அவன் ஓட்டப் போகிற பொட்டலத்தை எப்படி நம்புவது? அதைக் கட்டியவர் யாரோ. அதனுள் இருக்கிற நூறு துணைச் சரக்குகளை எழுதியவர்கள் எந்த ஊரிலோ. அவர்களில் ஒருவர் அயோக்கியராக இருந்தால், அல்லது யோக்கியராகவே இருந்து ஓர் இடத்தில் கண்ணயர்ந்திருந்தால், அந்தத் தவறு என் மருமானின் அதிகாரத்தைத்தான் உடுத்திக்கொண்டு வேலை செய்யும். அவன் ரூட் என்றால் அதுவும் ரூட். இது வெறும் பயமில்லை. 2019 பிப்ரவரியில் ரன்சி என்ற சிறு ப்ரோகிராமில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. பொட்டலத்தைப் பிரித்து ஓட்டிவிடுவதுதான் ரன்சியின் வேலை. உள்ளே இருக்கும் கெட்ட ப்ரோகிராம், பிரிக்க வந்த ரன்சியையே பிடித்து, வெளியே இருக்கிற அதன் மூலத்தைத் திருத்தி எழுதிவிட முடியும் என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த தடவை ரன்சி ரூட்டாக ஓடும்போது கம்ப்யூட்டர் முழுவதும் அந்நியன் கையில். பொட்டலத்தை ஓட்டியவர் எவ்வளவு நல்லவராக இருந்தும் அதில் பிரயோஜனம் இல்லை.

நல்லவனிடம் உள்ள அதிகாரம் அவனை ஏமாற்றுகிறவனிடமும் இருக்கிறது. நாம் குணத்தைப் பார்த்துச் சாவியைக் கொடுக்கிறோம். சாவிக்கோ குணம் தெரியாது. 1975-ல் ஸால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இருவர் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை ஒரு விதியாகவே வகுத்தார்கள்: ஒரு வேலையைச் செய்து முடிக்க எவ்வளவு உரிமை வேண்டுமோ அதற்கு மேல் யாருக்கும், எந்த ப்ரோகிராமுக்கும் கொடுக்கக்கூடாது. ஆள் நல்லவனா என்ற பேச்சே அதில் இல்லை. படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பிறகு யோசித்தால், மனிதனைச் சந்தேகிக்காமலே ஜாக்கிரதையாக இருக்க இதைவிடக் கௌரவமான வழி கிடையாதென்று பட்டது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்றால் யாருக்கு அவமானம்?

ஆனால் மருமானின் வேலை நடக்க வேண்டுமே! அங்கேதான் எனக்கு மிகவும் ரசமாகப் பட்ட சங்கதி வருகிறது.

பொட்டலத்துக்குள் இருக்கிற ப்ரோகிராம்களில் பல, 'நான் ரூட்டா?' என்று முதலில் கேட்கும். ஆம் என்று பதில் வந்தால்தான் மேற்கொண்டு காரியம் நடக்கும். 2013-ல் வெளியான லினக்ஸ் கெர்னலின் 3.8-ஆம் பதிப்பிலிருந்து, யூசர் நேம்ஸ்பேஸ் என்ற ஏற்பாட்டைச் சாதாரண ஆளும் பயன்படுத்தலாம் என்று ஆயிற்று. அதன்படி ஒருவனுக்கு உள்ளே ஓர் எண், வெளியே ஓர் எண். வெளியே என் மருமானின் எண் 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்துக்குள் போனால் அவன் பூஜ்யம். அங்கே வேறு ஆட்களும் வேண்டுமென்றால் அதற்காக 65,536 எண்களை நிர்வாகி அவன் பெயரில் ஒதுக்கி வைக்கிறார். பெரும்பாலும் ஒரு லட்சத்திலிருந்து ஆரம்பிக்கும், உண்மையான ஆட்கள் யாருக்கும் சொந்தமில்லாத எண்கள். உள்ளே அவன் ஃபைல்களுக்குச் சொந்தக்காரரை மாற்றலாம், புதுச் சரக்குகளை நிறுவலாம், ராஜா மாதிரி உலாவலாம். கோட்டைச் சுவரைத் தாண்டி ஒரு காரியம் செய்யக் கையை நீட்டினால், கெர்னல் அவனுடைய பழைய எண்ணைப் பார்க்கும். 'ஓ, நீ 1000 அல்லவா?' என்று அதற்குரிய அனுமதியை மட்டும் கொடுக்கும்.

ரெட்ஹாட் கம்பெனியாரின் பாட்மன், விழித்திருக்கும் அந்த ஏவலாளையே வைத்துக்கொள்ளாமல் இந்த வழியில் பொட்டலங்களை ஓட்டுகிறது. டாக்கரிலும் 2019-ல் பரீட்சார்த்தமாக வந்து, 2020 டிசம்பரில் முறையான வசதியாகிவிட்டது. 2019-ல் அகப்பட்ட ஓட்டையைப் பற்றிச் சொன்னேனே, வெளி ரூட்டை உள்ளே கொண்டு வராமல் இப்படி ஓட்டிய இடங்களில் அது பலிக்கவில்லை.

என்னை வெகு நேரம் சிரிக்க வைத்த ஒன்றும் இதில் உண்டு. வெளியே இருக்கிற உண்மையான ரூட்டுக்கு உள்ளே எண் கிடையாது. ஆகவே அவருடைய ஃபைல் ஏதாவது உள்ளே தென்பட்டால், அதன் சொந்தக்காரர் 'நோபடி' என்று காட்டும், அதாவது ஒருவருமில்லை. பொம்மை ராஜாவின் கண்ணுக்கு நிஜ ராஜா ஒருவருமில்லை! எத்தனை உத்தியோக அறைகளில் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அதிகாரம் கேட்ட ப்ரோகிராம்களில் எத்தனைக்கு அது உண்மையாகவே வேண்டியிருந்தது? மிகச் சிலவற்றுக்குத்தான். மற்றவற்றுக்கு, 'நீ ரூட்தான்' என்று யாராவது சொன்னால் போதுமாயிருந்தது. எது உண்மையான தேவை என்பது கோட்டைச் சுவரில் முட்டிக்கொள்ளும்போதுதான் தெரிகிறது. கடிகாரத்தைத் திருப்ப முடியாது. உள்ளே ரூட்டாக இருந்தாலும் நேரம் எல்லோருக்கும் பொது. கெர்னலில் புதுப் பாகம் சேர்க்க முடியாது. 1024-க்குக் கீழ்ப்பட்ட வாசல் எண்களில் கடை விரிக்க முடியாது. 80-க்குப் பதிலாக 8080-ல் விரித்துக்கொள்ள வேண்டும். என் மருமான் இதையெல்லாம் குறையாகத்தான் அடுக்கினான். "இதில் எது உன் ஆராய்ச்சிக்கு வேண்டும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எதுவும் வேண்டாம்" என்றான். குரலில் தோல்வி இருந்தது. பாவம், மேற்கொண்டு நான் அவனைக் கிளறவில்லை.

இதற்கு மறுபக்கம் உண்டு. பொம்மைக் கிரீடத்தைச் சூட்டித் திருப்திப்படுத்துவது ஏமாற்று வேலை ஆகாதா? நம் நாட்டிலேயே 1919-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இரட்டையாட்சி என்று ஒன்று கொண்டு வந்தார்கள். மாகாண மந்திரிகளுக்குக் கல்வியும் சுகாதாரமும். பணமும் போலீசும் கவர்னரின் பிடியில். பெயருக்கு மந்திரி. அதைப் பெரிய உபகாரம் என்று யார் ஒப்புக்கொண்டார்கள்? 'அதிகாரத்தின் தோற்றம் போதும்' என்று சொல்கிறவர்கள் இந்தச் சரித்திரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

என் பதில் இது. அங்கே மறுக்கப்பட்டது ஜனங்களுக்குச் சொந்தமான பொருள். அவர்களுடைய வரிப் பணம், அவர்கள் தெருவில் நிற்கிற போலீஸ். இங்கே மருமானுக்குச் சொந்தமான எதுவும் மறுக்கப்படவில்லை. அவன் ஃபைல்கள் அவனுடையவை. அவன் பொட்டலத்தில் அவன் வைத்ததே சட்டம். மறுக்கப்பட்டது மற்ற தொண்ணூற்றொன்பது பேருடைய ஃபைல்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனாலும் தராசைக் கையில் வைத்திருக்கிறவர், 'உனக்கு இது தேவையில்லை' என்று சொல்லும்போதெல்லாம், அது யாருக்குச் சொந்தமான பொருள் என்று நாம் ஒரு தடவை கேட்டே ஆகவேண்டும். தேவையில்லை என்ற சொல் எஜமானர்களுக்கு ரொம்ப ருசியான சொல்.

பொம்மைக் கிரீடமும் முழுக்கப் பொம்மை இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முன்பு ரூட் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்த கெர்னலின் பல மூலைகள், இந்த ஏற்பாட்டால் சாதாரண ஆட்களின் கைக்கும் எட்ட ஆரம்பித்தன. அந்த மூலைகளில் இருந்த பழைய ஓட்டைகள் புதிதாகப் பயன்பட்டன. டெபியன் என்ற லினக்ஸ் வகையார், சாதாரண ஆட்களுக்கு இந்த வசதியை வெகு காலம் அடைத்தே வைத்திருந்து, 2021-ல்தான் திறந்துவிட்டார்கள். உபுண்டுக்காரர்களோ 2024-ல், குறிப்பிட்ட ப்ரோகிராம்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். ஒருவர் திறக்கிற கதவை மற்றவர் சாத்துகிறார். இரண்டு பேரும் விவரம் தெரிந்தவர்கள்தாம்.

அப்புறம், ஒரு கொத்துச் சாவி யாரிடமாவது இருந்துதான் தீரவேண்டும். 65,536 எண்களை ஒதுக்கி அந்த ஒரு வரியை எழுதியது ரூட்டின் கைதான். அந்த எண்களைக் கோர்த்துக் கொடுக்கிற சின்ன ப்ரோகிராமுக்கும் ரூட்டின் உரிமையில் ஒரு துளி வேண்டியிருக்கிறது. ரூட் இல்லாமல் ஓடுகிறதென்று பெயர். அடியில் ரூட் இருக்கிறது. ஸால்ட்ஸரும் ஷ்ரோடரும் வகுத்த விதி அவரை என்ன செய்யும்?

அந்த நிர்வாகியைப் பற்றி மருமானிடமே விசாரித்தேன். அவர் தினம் காலையில் கம்ப்யூட்டருக்குள் வருவது ரூட்டாக இல்லையாம். அவருக்கும் மற்றவர்களைப் போல் ஓர் எண், அதற்குரிய அனுமதி. ஏதாவது ஒரு காரியத்துக்கு ரூட் வேண்டியிருந்தால், அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் தம் கடவுச்சொல்லைக் கொடுத்து அதிகாரத்தை வாங்கிக்கொள்கிறார். யார், எப்போது, எதற்காக வாங்கினார் என்பது ஒரு குறிப்பில் பதிந்துவிடுகிறது. அவர் மட்டுமல்ல, அந்த வேலையில் இருக்கிறவர்களில் கவனமானவர்கள் எல்லோருக்கும் இதுதான் பழக்கம் என்றான்.

"அவரை யாரும் கட்டாயப்படுத்தலை மாமா. அந்தக் குறிப்பை நினைச்சா அவரே அழிச்சிடலாம்" என்றும் சொன்னான். இந்தத் தடவை அவன் குரலில் கோபம் இல்லை.