வேண்டுதலும் வற்புறுத்தலும்: லைபீரியப் பெண்களின் அறப்போராட்டம்

லைபீரியாவின் இரண்டாம் உள்நாட்டுப் போர் (1999–2003) முடிவுக்கு வந்ததில், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்து நடத்திய இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இறைவனிடம் வேண்டுவதை அரசியல் போராட்டமாக்கலாமா, எதிராளியைப் பணியவைக்கும் போராட்டத்தை அறவழி என்று சொல்லலாமா என்ற இரு கேள்விகளையும் அது எழுப்பியது.

சிறார் போராளிகளின் மனக்காயங்களை ஆற்றும் பணியில் இருந்த லூத்தரன் திருச்சபைப் பெண் லேமா குபோவீ, தலைநகர் மன்ரோவியாவின் தேவாலயப் பெண்களைத் திரட்டினார். காவல்துறை அதிகாரியான அசாத்து பா கென்னத் முஸ்லிம் பெண்களை அழைத்துவந்தார். முஸ்லிம்களோடு சேர்ந்து ஜெபிப்பதா என்று தொடக்கத்தில் சில கிறிஸ்தவப் பெண்கள் தயங்கினர். இரு தரப்புத் தாய்மாரும் பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்த நிலையில் அந்தத் தயக்கம் நீடிக்கவில்லை.

2003 ஏப்ரலில் மீன் சந்தைக்கு அருகிலுள்ள திடலில் அவர்கள் அமர்ந்தனர். அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகன வரிசை அந்தச் சாலை வழியாகத்தான் போய்வரும். பழைய ஏற்பாட்டின் எஸ்தர் ஆகமத்தில் வரும் இரட்டுடையையும் சாம்பலையும் மனத்தில் கொண்டு, நகையோ ஒப்பனையோ இல்லாமல் வெள்ளை உடுத்தினர். வெயிலிலும் மழையிலும் கிறிஸ்தவர்களின் ஜெபமும் முஸ்லிம்களின் துஆவும் அடுத்தடுத்து ஒலித்தன.

கதவை அடைத்து அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னவர் இயேசு. அப்படியிருக்க, அதிபரின் கண்ணில் படும்படி ஜெபிப்பது தகுமா? இயேசு கண்டித்தது பிறர் மெச்சுவதற்காகச் செய்யும் பக்தியை. நீதி இல்லாத வழிபாட்டை இறைவன் வெறுக்கிறார் என்று சாடிய ஆமோஸ் தீர்க்கதரிசியின் மரபும் அதே வேதத்தில் இருக்கிறது. நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதை இஸ்லாமும் கடமையாக்குகிறது. எனவே இரு சமயங்களின் நோக்கிலும் திடலில் எழுந்த வேண்டுதலுக்கு இடம் உண்டு.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. கானாவின் அக்ரா நகரில் அரசுக்கும் கிளர்ச்சிப் படைகளுக்கும் இடையிலான அமைதிப் பேச்சுவார்த்தை இழுபட்டபோது, ஜூலையில் பெண்கள் கைகோத்து மண்டப வாசலை மறித்தனர். குபோவீயைக் கைதுசெய்யக் காவலர்கள் வந்தனர். அவர் தம் ஆடையைக் களையத் தொடங்கினார். தாய் ஒருத்தி தானாக முன்வந்து நிர்வாணமாவது பார்ப்பவர்மீது விழும் சாபம் என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நிலவும் நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினர். நடுவராக இருந்த நைஜீரிய முன்னாள் அதிபர் அப்துல்சலாமி அபூபக்கர் பெண்களோடு பேச வந்தார்.

எதிராளியின் அச்சத்தைப் பயன்படுத்தியதால் இது வெறும் வேண்டுகோள் அல்ல, வற்புறுத்தலே. காந்தி சத்தியாகிரகத்தையும் துராக்கிரகத்தையும் வேறுபடுத்தினார்: முன்னது தன்னை வருத்தி எதிராளியின் மனத்தை மாற்ற முயல்வது, பின்னது பிடிவாதத்தால் அவரை அடக்க முயல்வது. அக்ரா நிகழ்ச்சியில் இரண்டின் சாயலும் உண்டு. ஆனால் அந்தப் பெண்கள் பணயம் வைத்தது தங்கள் மானத்தை மட்டுமே. கேட்டதும் பதவியோ பழிவாங்கலோ அல்ல, பேச்சைத் தொடருங்கள் என்பதே. நெருக்குதல் இருந்ததா என்பதோடு, அதன் விலையை யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதையும் பார்த்தே ஒரு போராட்டத்தின் அறத்தை அளக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவி விலகினார். 18 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. கிளர்ச்சிப் படைகளின் முற்றுகையும் டெய்லர்மீது சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் சுமத்திய குற்றச்சாட்டும் இதற்குக் காரணங்களே; பெண்களின் போராட்டம் மட்டுமே போரை நிறுத்தியது என்று சொல்ல முடியாது. ஆயினும் ஆயுதம் ஏந்தியவர்கள் மட்டுமே பேசிய இடத்தில் மக்களின் கோரிக்கையைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அவர்களே. 2011இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் குபோவீயும் ஒருவர்.